அயல்நாட்டுக் கதையும் அடுத்திருப்பவரும்

தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் ஒரு கதை சொல்ல வந்தார். சாமுவேல் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில் இடம்பெறும் அந்நிகழ்ச்சி நமக்குப் புதிதன்று. ஓர் ஊரில் இருவர் இருந்தனர். ஒருவன் செல்வன், மற்றவன் ஏழை. செல்வனுக்கு ஆடுமாடுகள் ஏராளம். ஏழைக்கு இருந்ததோ ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அதைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக அவன் வளர்த்து வந்தான். செல்வன் வீட்டிற்கு விருந்தாளி ஒருவன் வந்தபோது, அவன் தன் மந்தையைத் தொடவில்லை. ஏழையின் குட்டியைப் பிடித்து விருந்து சமைத்தான். கதையைக் கேட்ட தாவீது சினத்தால் கொதித்தார். அப்படிச் செய்தவன் சாக வேண்டியவன் என்று தீர்ப்பும் கூறினார். உரியாவின் மனைவியைக் கவர்ந்துகொண்டு, உரியாவைப் போர்முனையில் மடியவிட்ட அதே தாவீதுதான் இவ்வாறு நீதி பேசினார். அப்போது நாத்தான், அந்த மனிதர் வேறு யாருமல்லர், அரசரே என்று விரல் நீட்டினார்.

நாத்தானுக்குக் கதை எதற்காகத் தேவைப்பட்டது? அரசரின் குற்றத்தை நேரே எடுத்துரைத்திருந்தால், அரசர் தமக்காக வாதாடியிருப்பார், நியாயங்கள் அடுக்கியிருப்பார். கதையோ வேறோர் ஊரில், வேறு யாருக்கோ நடந்தது. எனவே தாவீதின் மனம் தன் காவலைத் தளர்த்தியது. உண்மையை உண்மையாகக் கண்டது. கதையின் வலிமை அதுவே. ஆனால் இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டுக்குட்டியின் கதையோடு நாத்தான் நிறுத்திக்கொண்டு விடைபெற்றுச் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏழைக்காகச் சினந்தோம் என்ற மனநிறைவோடு தாவீது உணவருந்தச் சென்றிருப்பார். தம்மை முன்னிலும் நல்லவராக எண்ணியிருப்பார்.

பல நாட்டு நாவல்களையும் சிறுகதைகளையும் வாசிக்கும் நம்மை நோக்கி எழும் கேள்வியும் இதுதான். அயல்நாட்டுக் கதை நம் இதயத்தை விரிவாக்குகின்றதா? அல்லது, விரிந்துவிட்டது என்ற பொய்யான ஆறுதலைத் தந்து நம்மை உறங்கவைக்கின்றதா?

வாசலுக்கு வந்த உலகம்

கப்பலோ விமானமோ ஏறாமலே உலகின் பல ஊர்களில் வாழ்ந்து திரும்பியவர்கள் நம்மில் பலர். விக்தோர் ஹ்யூகோ 1862இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது. தன் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனைக் காவலர் இழுத்து வந்தபோது, அவற்றைத் தாமே கொடுத்ததாகக் கூறி வெள்ளி மெழுகுதிரித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய ஆயரைத் தமிழர் பலர் அறிந்துகொண்டது அவ்வழியில்தான். மாஸ்கோவிலிருந்து குறைந்த விலையில் வந்த தமிழ் நூல்களை இன்றும் சிலர் தம் அலமாரிகளில் பாதுகாத்து வருகின்றனர். ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் தோல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’ அவ்வாறு வந்த ஒன்று. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அந்நூல்களின் வரவும் நின்றது. ஆயினும் ரஷ்யப் பனியின் குளிரை, பனியே காணாத நம் ஊர்களில் அமர்ந்து உணர்ந்தவர்கள் அதை மறக்கவில்லை.

திருச்சபையும் புனைகதையை எப்போதும் ஒரே கண்ணோடு பார்த்ததில்லை. ஹ்யூகோவின் அந்நாவலே ஒருகாலத்தில் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் இருந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டில், இலக்கியமும் கலைகளும் திருச்சபையின் வாழ்வுக்கு மிக முக்கியமானவை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே, அதாவது 1966இல், அத்தடைப் பட்டியல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் இறையடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூலை 17 நாளிட்டு, இலக்கிய வாசிப்பைப் பற்றியே ஒரு தனி மடல் எழுதினார். இளமையில், 1964–65ஆம் ஆண்டுகளில், அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் இயேசு சபைப் பள்ளியொன்றில் இலக்கியம் கற்பித்தவர் அவர். குருக்களின் உருவாக்கத்துக்கென்று தொடங்கிய அம்மடலைக் கிறிஸ்தவர் அனைவருக்கும் உரியதாக அவர் விரிவாக்கினார். பிறருடைய குரலுக்குச் செவிகொடுக்கவும் பிறருடைய கண்களால் காணவும் இலக்கியம் நம்மைப் பழக்குகின்றது என்பது அதன் சாரம்.

புனித அகுஸ்தினாரின் ஐயம்

ஆயினும் வாசிப்பைப் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டு நாம் நகர முடியாது. ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் இதில் உள்ள ஆபத்தைத் தம் வாழ்விலேயே கண்டவர். சிறுவனாக இருந்தபோது, வர்ஜிலின் காவியத்தில் காதலனால் கைவிடப்பட்டு உயிர்விட்ட தீதோ அரசிக்காகத் தாம் அழுததை அவர் ‘ஒப்புகைகள்’ நூலில் நினைவுகூர்கின்றார். கதையில் இறந்த அரசிக்காக அழுத தமக்கு, இறைவனை விட்டுப் பிரிந்து மாண்டுகொண்டிருந்த தம் ஆன்மாவுக்காகச் சிந்த ஒரு துளிக் கண்ணீர்கூட இருக்கவில்லையே என்று வருந்துகின்றார்.

கார்த்தேஜ் நகரின் நாடக அரங்குகளை நினைவுகூரும்போது அவர் இன்னும் ஆழமாக வெட்டுகின்றார். நாடகம் காண்பவன், துன்புறுவோரைக் காப்பாற்ற எழுந்து வருமாறு அழைக்கப்படுவதில்லை. வருந்துவதற்கு மட்டுமே அழைக்கப்படுகின்றான். அவ்வருத்தமும் அவனுக்கு இன்பமாயிருக்கின்றது. எவ்வளவு மிகுதியாக அழவைக்கின்றதோ, அவ்வளவு சிறந்த நாடகம் என்று மெச்சுகின்றான். கையை அசைக்கத் தேவையில்லாத இரக்கம் உண்மையில் இரக்கந்தானா? இதுவே அகுஸ்தினாரின் ஐயம்.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமாசோவ் சகோதரர்கள்’ நாவலிலும் இதே ஐயம் வேறொரு வடிவில் வருகின்றது. மனித குலம் முழுவதையும் நேசிக்கும் ஒரு மருத்துவரைப் பற்றி அதில் ஒரு துறவி கூறுகின்றார். மனித குலத்தின்மீது அவருடைய அன்பு எவ்வளவு வளர்கின்றதோ, அவ்வளவு தனி மனிதர்கள்மீது அது குறைகின்றதாம். ஒரே அறையில் ஒருவரோடு இரண்டு நாள் தங்கினால், அவர் மூக்கைச் சிந்தும் ஓசைகூட அவருக்கு வெறுப்பூட்டிவிடும்! நாவலில் வரும் மனிதர் நம் அறையில் தங்குவதில்லை, கடன் கேட்பதில்லை, நம் பந்தியில் வந்து அமர்வதில்லை. எனவே அவரை நேசிப்பது எளிது. அடுத்திருப்பவரோ உண்மையாகவே அடுத்து இருக்கின்றார். துன்பமே அதுதான்!

ஜப்பான் நாட்டுக் கோழை

இந்த ஐயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டே நாம் சில நாடுகளுக்குச் சென்று வருவோம். முதலில் ஜப்பான். நம் முத்துக்குளித்துறைக் கரையோரம் நடந்து திருமுழுக்குக் கொடுத்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கால்வைத்தார். அவர் ஊன்றிய விதை விரைவாக வளர்ந்தது. 1614இல் நாடு முழுவதும் தடை வந்தது. கொடிய வேதகலாபனை தொடர்ந்தது. ஐயத்துக்குரியவர்கள் ஆண்டவரின் அல்லது அன்னையின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். அக்காலத்தைக் களமாகக் கொண்டு, சிறுவயதில் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கரான சூசாகு எண்டோ 1966இல் எழுதிய நாவல் ‘மௌனம்’.

அதில் கிச்சிஜிரோ என்றொருவன் வருகின்றான். போர்த்துக்கீசிய குரு ரொட்ரீகஸை ஜப்பானுக்குள் அழைத்துச் செல்பவனும் அவனே. காட்டிக் கொடுப்பவனும் அவனே. அவன் மிதிக்கின்றான், ஓடுகின்றான், பின் அழுதுகொண்டே பாவசங்கீர்த்தனம் கேட்டு வருகின்றான், மீண்டும் வீழ்கின்றான். வாசிக்கும் நமக்கு அருவருப்பு எழுகின்றது. நாம் ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தரின் கதையையும், காற்றாடிமலையில் உயிர் தந்து 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் கதையையும் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? வேதசாட்சிகளின் பக்கத்தில்தான் நம் இடம் என்று நாம் கேட்காமலே முடிவு செய்திருக்கின்றோம்.

ஆனால் அந்தக் கோழை ஒரு முறையிடல் வைக்கின்றான். துன்பமில்லாத காலத்தில் பிறந்திருந்தால் தானும் நல்ல கிறிஸ்தவனாகவே வாழ்ந்து இறந்திருப்பேன் என்பது அவன் புலம்பல். அங்கே நம் வாசிப்பு தடுமாறுகின்றது. அவன் ஏங்கிய அந்தத் துன்பமில்லாக் காலம் நம்மில் பலருக்கு வாய்த்திருக்கின்றது. ஞாயிறு திருப்பலிக்கு நாம் தலைமறைவாகச் செல்வதில்லை. அப்படியானால், நம் விசுவாசம் உறுதியானதா, அல்லது சோதிக்கப்படாததா? 1865இல் நாகசாகியில், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் குருக்களே இன்றி மறைவில் விசுவாசத்தைக் காத்த மக்கள், பிரெஞ்சுக் குரு ஒருவரிடம் வந்து தம்மை வெளிப்படுத்திக்கொண்டனர். அவர்களுடைய முன்னோர் பலர் அத்தகட்டை மிதித்துவிட்டு வீடு திரும்பி மன்னிப்பு மன்றாடியவர்களே. விழுந்தவர்கள் வழியாகவும் அவ்விசுவாசம் வந்து சேர்ந்தது. வீழ்ந்தவரைப் பற்றி நாம் வழங்கும் விரைவான தீர்ப்புகளை எண்டோவின் ஜப்பான் இவ்வாறு கலைத்துவிடுகின்றது.

தீய காட்டில் எழுந்த கோயில்

அடுத்து நைஜீரியா. சினுவா அச்செபே 1958இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதல் நாவல், என். கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்று தமிழிலும் வந்துள்ளது. அச்செபேயின் தந்தை அங்கிலிக்கன் மறைப்பணியில் உபதேசியாராக உழைத்தவர். எனவே கிறிஸ்தவம் ஆப்பிரிக்கச் சிற்றூருக்குள் நுழைந்த கதையை அவர் இரு பக்கமும் நின்று சொல்ல முடிந்தது.

ம்பாண்டா என்ற ஊரில் மறைப்பணியாளர் கோயில் கட்ட நிலம் கேட்கின்றனர். ஊர்ப் பெரியவர்கள் சூழ்ச்சியாகத் தீய காட்டில் இடம் கொடுக்கின்றனர். அது கொடிய நோயால் இறந்தவர்களைப் புதைக்கும் காடு. நான்கு நாளில் இவர்களும் மாண்டு போவார்கள் என்பது ஊரார் கணக்கு. அவர்கள் மாளவில்லை, கோயில் எழுந்தது. சில காலம் சென்றபின் ‘ஓசு’ எனப்பட்டோர் இருவர் அக்கோயிலுக்கு வருகின்றனர். ஓசுக்கள் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள். அதனாலேயே தலைமுறை தலைமுறையாக விலக்கப்பட்டவர்கள். பிறரோடு அவர்களுக்கு மணவுறவு இல்லை. ஊர்க் கூட்டத்தில் இடம் இல்லை. தலைமயிரைக் களையும் உரிமையும் இல்லை. இறந்தால் அவர்களுக்கும் தீய காடுதான்.

அவர்களைக் கண்டதும் எதிர்ப்புக் குரல் எங்கிருந்து எழுகின்றது? வெளியிலிருந்து அன்று. புதிதாகத் திருமறையில் சேர்ந்தவர்களே, இவர்களை உள்ளே விட்டால் ஊரார் நம்மை என்ன சொல்வார்கள் என்று முணுமுணுக்கின்றனர். கோயிலின் பொறுப்பாளரான கியாகா அசையவில்லை. இறைவன் முன் அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் இல்லை என்று உறுதியாக நிற்கின்றார். எதிர்த்துப் பேசிய ஒருவர் கோயிலை விட்டு வெளியேறுகின்றார்; மற்றவர்கள் தங்குகின்றனர். அந்த இருவரும் தம் சடைமுடியைக் களைகின்றனர். பின்னாளில் மிக உறுதியான விசுவாசிகளாகத் திகழ்கின்றனர்.

இப்பகுதியை எங்கள் சிறு வாசகர் வட்டத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பங்குக் கோயிலை ஒட்டிய மறைக்கல்வி அறையில் மாதம் ஒருமுறை கூடுவோம். கியாகாவின் துணிவை ஆளுக்கொரு விதமாகப் பாராட்டினோம். ஒருவருக்குக் குரல் தழுதழுத்தது. அறையைப் பூட்டுவதற்காக வாசற்படியருகே வழக்கம்போல் காத்திருந்த கோயில்பிள்ளை, எங்கள் பேச்சு ஓய்ந்த இடைவெளியில் மெல்லக் கேட்டார்:

“ஐயா, ஒண்ணு கேட்கலாமா? அந்த ரெண்டு பேரையும் கோயிலுக்குள்ள சேத்துக்கிட்டாங்க, சரி. செத்தப்புறம் அவங்கள எங்க புதைச்சாங்க?”

நாங்கள் நூலைப் புரட்டினோம். நாவல் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டது நாவலைப் பற்றி அன்று என்பது அறையிலிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பங்கில் கல்லறைத் தோட்டங்கள் இரண்டு. ஒன்றுக்குச் சிமெண்டுப் பாதை உண்டு. மற்றொன்றுக்கு மழைக்காலத்தில் முழங்காலளவு சேற்றில் நடந்துதான் பிணத்தைச் சுமந்து செல்ல வேண்டும். எது யாருக்கு என்பது எந்தப் பலகையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருந்ததில்லை. ஒரே கிண்ணத்திலிருந்து நன்மை வாங்கியவர்கள் மண்ணுக்குள் போகும்போது இரண்டாகிவிடுகின்றனர்.

அன்று யாரும் பதில் சொல்லவில்லை. “நேரமாயிருச்சு, நீங்க பேசுங்கய்யா” என்று அவரே எங்களுக்கு வழிவிட்டு நகர்ந்துவிட்டார். நாத்தானின் விரல் என்பது இதுதானோ என்று பின்னர் எண்ணினோம். அதைவிட எங்களை உறுத்தியது இன்னொன்று. நாங்கள் கண்டிராத ஆப்பிரிக்க ஊர்களின் பெயர்களை அன்று தடையின்றிச் சொன்னோம். இரண்டு ஆண்டுகளாக எங்களுக்குக் கதவு திறந்துவிட்டவரின் தாய் எங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார் என்பதோ, அவர் பெயர் என்ன என்பதோ எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இது ஒரு பங்கின் கதை மட்டும் அன்று. 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவரிடையே நிலவும் சாதி உணர்வு உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கும் திருச்சபையின் மறைபரப்புப் பணிக்கும் பெருந்தடை என்று எச்சரித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஏடும், தீண்டாமையின் கறை திருச்சபைக்குள்ளும் இருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. நாமோ இவற்றை அறிவோம். அறிந்தும், தொலைதூர நாட்டுக் கோயில் ஒன்றில் கியாகா வென்றதற்காக மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

வாசித்தவரின் வீட்டிலிருந்து வந்த பால்

அப்படியானால் அகுஸ்தினாரின் ஐயமே வென்றுவிட்டதா? புத்தகத்தை மூடிவிட்டுப் போவதே நேர்மையா? இக்கேள்விக்கு விடை தேடும்போது மூன்றாம் நாட்டிலிருந்து ஒரு கதை துணைக்கு வருகின்றது. தென் ஆப்பிரிக்கரான ஆலன் பேட்டன் 1948இல் வெளியிட்ட ‘அழு, அன்பு நாடே’ என்று பொருள்படும் நாவல் அது. நிறவெறிக் கொள்கையை அரசின் சட்டமாக்கிய தேசியக் கட்சி அங்கு ஆட்சியைப் பிடித்ததும் அதே ஆண்டில்தான். பேட்டன் அதற்குமுன் பதின்மூன்று ஆண்டுகள் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளியொன்றின் தலைவராக இருந்தவர். குற்றம் செய்த பிள்ளைகளை நேரில் அறிந்தவர்.

ஸ்டீபன் குமாலோ மலையடிவாரச் சிற்றூரில் பணிபுரியும் கறுப்பின அங்கிலிக்கன் குரு. ஜொகன்னஸ்பர்க் நகருக்குச் சென்று காணாமற்போன தம் மகன் அப்சலோமைத் தேடுகின்றார். தேடிக் கண்டபோது மகன் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருக்கின்றான். அவன் சுட்டுக் கொன்றதோ, கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த ஆர்தர் ஜார்விஸ் என்ற வெள்ளையரை. கொல்லப்பட்டவரின் தந்தை ஜேம்ஸ் ஜார்விஸ், குமாலோவின் ஊருக்கு மேலே, மலைமீது செழிப்பான பண்ணை வைத்திருப்பவர். பல ஆண்டுகளாக அந்தக் குருவின் கோயிலைக் கடந்து சென்றவர். ஆனால் கீழே வாழ்ந்த மக்களை அவர் அறிந்ததில்லை.

இங்குதான் நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகின்றது. மகனை இழந்த ஜேம்ஸ் ஜார்விஸ், மகனின் வீட்டில் அவன் படிப்பறைக்குள் சென்று அமர்கின்றார். அவன் எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற பக்கங்களை எடுத்து வாசிக்கின்றார். தம் சொந்த நாட்டையும், தம் மலைக்குக் கீழே வாழ்ந்த மனிதரையும், ஏன், தம் மகனையுமே அவர் அறிந்துகொள்வது அந்த வாசிப்பின் வழியாகத்தான். வாசித்தவர் பின் என்ன செய்தார்? பண்ணைக்குத் திரும்பினார். கீழே உள்ள ஊரில் பசுக்கள் வறண்டு குழந்தைகள் பாலின்றி மடிவதைத் தம் சிறு பேரனின் வாயால் கேட்டறிந்தார், பால் அனுப்பினார். மழைக்கு ஒதுங்கிய குமாலோவின் கோயிலில் கூரை ஒழுகுவதைக் கண்டார். புதிய கோயில் கட்டித்தர முடிவு செய்தார். நிலம் பண்படுத்தக் கற்றுத்தரும் இளைஞர் ஒருவரை வரவழைத்தார்; அணை கட்ட ஏற்பாடு செய்தார். ஒரு தந்தையின் மகனை மற்றவரின் மகன் கொன்றிருந்தான். ஆயினும் அவ்விரு தந்தையரும் பகைவர்களாக முடியவில்லை.

இதனால் தென் ஆப்பிரிக்காவின் அநீதி ஒழிந்துவிட்டதா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. பால் கொடுப்பது நீதி ஆகாது என்ற குறையை அந்நாவலின்மீது ஆப்பிரிக்கர் பலரே கூறியிருக்கின்றனர். அக்குறையில் உண்மையும் உண்டு. எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தலை அந்நாடு காண 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாவலிலும் அப்சலோமின் தூக்கு நிறுத்தப்படவில்லை. ஆயினும் வாசிப்புக்கும் செயலுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஒருவர் தாண்டியதை நாம் அங்குக் காண்கின்றோம். படிப்பறையின் நாற்காலியிலேயே அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. எழுந்து, தம் மலையிலிருந்து கீழே பார்த்தார்.

திரும்பும் வழி

எனவே, நம் கேள்விக்கான விடையை இவ்வாறு கூறலாம் என்று தோன்றுகின்றது. அயல்நாட்டுக் கதை நம்மை அழைத்துச் செல்வது பாதிப் பயணம் மட்டுமே. திரும்பும் பாதியை நாமே நடக்க வேண்டும். தொலைவு நமக்கு ஓர் அருள். ஏனெனில் நம் ஊரில் நம் பழக்கமும் உறவும் தன்னலமும் மறைத்துவிடும் அநீதியை, வேறோர் ஊரில் வைத்துப் பார்க்கும்போது நாம் தெளிவாகக் காண்கின்றோம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் அதே தொலைவு நமக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும். அகுஸ்தினார் அஞ்சியது அங்கேயே நின்றுவிடும் கண்ணீரைத்தான். அவரே தம் கண்ணீரைத் திரும்பிப் பார்த்து எழுதியதால் அன்றோ நாம் இன்று அதைப் பற்றி எண்ணுகின்றோம்!

நல்லவராக வாழ நாவல் வாசிக்கத்தான் வேண்டும் என்று நாம் கூறவில்லை. எழுத்தறியாத நம் பாட்டிமார் பலர், வழிப்போக்கருக்குச் சோறிட்டபோது ஹ்யூகோவைக் கேட்டுக்கொண்டு இடவில்லை. கோயில்பிள்ளை அச்செபேயை வாசித்தவர் அல்லர். வாசற்படியில் நின்று எங்கள் பேச்சைக் கேட்டவர் மட்டுமே. ஆயினும் நூலின் கேள்வியைச் சரியாகப் பிடித்தவர் அவர்தான். வாசிப்பு நம்மைப் பிறரைவிட உயர்ந்தவராக்குவதில்லை. அது நம்மிடமிருந்து ஒரு சாக்குப்போக்கைப் பறித்துக்கொள்கின்றது. ‘எனக்குத் தெரியாதே’ என்று இனி நாம் சொல்ல முடியாது.

நம் ஆண்டவரும் கதை சொன்னவரே. அடுத்திருப்பவர் யார் என்று கேட்ட திருச்சட்ட அறிஞருக்கு அவர் விளக்கம் எழுதித் தரவில்லை. ஒரு கதை சொன்னார். அக்கதையில் நன்மை செய்தவர், கேட்டவர் வெறுத்த அயலினத்தாராகிய சமாரியர். கதை முடிந்ததும், அறிஞர் சரியான விடையும் சொன்னார். ஆனால் ஆண்டவர் அவருடைய விடையைப் பாராட்டுவதோடு நிறுத்தவில்லை. போய் அவ்வாறே செய்யும்படி அனுப்பினார்.

எங்கள் வாசகர் வட்டம் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. அந்தப் பங்கில் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இரண்டாகவே உள்ளன. ஒரே தோட்டமாக்க வேண்டும் என்ற விண்ணப்பத்தைப் பங்குப் பேரவையில் கொடுத்தோம். அது எங்கள் உறவினர் சிலரை எங்களிடமிருந்து விலக்கியிருக்கின்றது. ஆனால் அந்த மாலைக்குப்பின் வந்த நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, நாங்கள் சிலர் கோயில்பிள்ளையிடம் சென்று, தாயின் கல்லறைக்கு எங்களையும் அழைத்துச் செல்ல முடியுமா என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “பாதை சேறாக் கெடக்கும்யா, செருப்பக் கையில எடுத்துக்குங்க” என்றார்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பின்னே நடந்தோம். அங்கே சிலுவை நட்ட ஒரு மண்மேட்டின் முன் அவர் நின்றார். மெழுகுதிரியை ஏற்றுமுன் அவருடைய தாயின் பெயரைக் கேட்டோம். சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடினோம்.